இரண்டு சுவிட்சும் ஒரு விளக்கும்

(பரிசளிப்பு விழாவில் நிகழ்த்திய உரை. மலருக்காக எழுதித் தந்தது.)

 

நான் பேச்சாளன் அல்லன். ஐம்பது ஆண்டுக்காலம் வயரிங் வேலை பார்த்தவன். "உங்களுக்குத் தெரிந்ததைப் பற்றிப் பேசுங்கள், அது போதும்" என்று தலைமையாசிரியர் சொன்னார். எனக்குத் தெரிந்தது கரண்டு. அதிலும் இன்று ஒரு சின்ன விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மாடிப்படி விளக்கைக் கீழே ஒரு சுவிட்சில் போடுகிறோம், மேலே போய் வேறொரு சுவிட்சில் அணைக்கிறோம். அது எப்படி நடக்கிறது? அதில் என்ன ஆபத்து ஒளிந்திருக்கிறது? அவ்வளவுதான் என் பேச்சு.

அன்று மேடைக்கு ஒரு பலகை கொண்டு வந்தேன். இரண்டு சுவிட்சு, ஒரு டார்ச் பல்பு, இரண்டு பாட்டரி. பிள்ளைகள் ஓடி வந்து தட்டிப் பார்த்தார்கள். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்குப் பலகை இல்லை. ஆகவே பலகையைச் சொல்லாலேயே கட்டிக் காட்டுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சிங்கப்பூரில் தெருவுக்கு மின்விளக்கு வந்தது 1906 மார்ச்சு மாதத்தில். ராஃபிள்ஸ் பிளேஸ், நார்த் பிரிட்ஜ் ரோடு, போட் கீ பக்கம் முதலில் எரிந்தது. அதற்குக் கரண்டு வந்தது எங்கிருந்து என்று நினைக்கிறீர்கள்? நம்ம தேக்காவுக்கு அடுத்தாற்போல் இருக்கிற மெக்கன்சி சாலையிலிருந்து. டிராம் வண்டி ஓட்டுவதற்காக அங்கே ஒரு மின்நிலையம் வைத்திருந்தார்கள். 1927-ல் செயின்ட் ஜேம்ஸ் மின்நிலையம் வந்தது. 1963-ல் பொதுப் பயனீட்டுக் கழகம் அமைந்து, அதற்குப் பிறகு கிராமப்புறங்களுக்கும் கம்பி நீண்டது.

நான் பிறந்தது 1953-ல். கிராஞ்சி, மண்டாய்ப் பக்கத்து ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு லயத்தில் வளர்ந்தேன். விடியுமுன் நாலு மணிக்கு அம்மா எழுந்து மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றுவார்கள். அந்த விளக்கு அறையில் இருந்தால் அடுப்பங்கரை இருட்டு, அடுப்பங்கரைக்குப் போனால் நாங்கள் படிக்கிற இடம் இருட்டு. விளக்கு ஆளோடு நடந்தது. பிறகு கரண்டு வந்தது. அறைக்கு ஒரு பல்பு, வாசற்படி ஓரத்தில் ஒரு சுவிட்சு. எங்களுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம். ஆனால் முதல் ராத்திரியே ஒரு சங்கடம். விளக்கு இப்போது உத்தரத்தில் நிற்கிறது, நாம்தான் நடக்க வேண்டும். வாசல் ஓரத்தில் விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் தம்பி தங்கைகளை மிதிக்காமல் பாய்க்கு வந்து சேர்வது ஒரு வித்தை. அம்மா ஒருநாள் கேட்டார்கள்: "ஏண்டா, இந்தச் சுவிட்ச இங்கேயும் ஒண்ணு வைக்கக் கூடாதா?" படிக்காத அம்மா கேட்ட அந்தக் கேள்விக்கு விடைதான் இருவழிச் சுவிட்சு.

சுவிட்சு என்ற சொல்லைக் கேட்டுத் தமிழாசிரியர் கோபிக்கக் கூடாது. இலங்கைப் பாடநூல்களில் இதற்கு 'ஆளி' என்று பெயர். தமிழ்நாட்டில் 'சாவி' என்பார்கள். ஆளி நல்ல சொல்தான். ஆனால் ஏணிமேல் நிற்கும்போது "அந்த ஆளியை அணை" என்று கத்தினால் கீழே நிற்கிற பையனுக்கு விளங்க வேண்டுமே! அதனால் சுவிட்சு என்றே சொல்லிவிடுகிறேன்.

சாதாரணச் சுவிட்சின் முதுகில் இரண்டு திருகாணி இருக்கும். ஒன்றில் கரண்டு வருகிறது, மற்றொன்றில் விளக்குக்குப் போகிறது. உள்ளே ஒரு பித்தளை நாக்கு இரண்டையும் சேர்க்கும், அல்லது பிரிக்கும். அது 'டக்' என்று சத்தம் போடுவதற்குக் காரணம் உண்டு. மெதுவாகப் பிரிந்தால் இடைவெளியில் தீப்பொறி நீண்டு எரிந்து, சுவிட்சையே தின்றுவிடும். சட்டென்று துள்ளிப் பிரிய வேண்டும். இந்தத் துள்ளலை 1884-ல் இங்கிலாந்தில் ஜான் ஹென்றி ஹோம்ஸ் என்பவர் கண்டுபிடித்தார். நாம் நாள் முழுதும் கேட்கிற அந்த 'டக்' அவர் விட்டுப்போன சத்தம்.

இருவழிச் சுவிட்சின் முதுகில் மூன்று திருகாணி. (வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிப் பார்க்காதீர்கள். இரும்புச் சாமான் கடையில் புதுசு ஒன்றை வாங்கிப் பாருங்கள்.) ஒன்றுக்குப் பொது முனை என்று பெயர், 'சி' என்றோ 'காமன்' என்றோ குறித்திருக்கும். மற்ற இரண்டும் எல் 1, எல் 2. உள்ளே இருக்கிற நாக்கு பொது முனையிலிருந்து கிளம்பி, எல் 1 மேல் உட்காரும், அல்லது எல் 2 மேல் உட்காரும். ஒன்றை விட்டால் மற்றதைப் பிடிக்கும். சும்மா நிற்கவே நிற்காது. இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

கிராஞ்சியில் இருந்த பெரியவர்களுக்கு ரயில் நினைவிருக்கும். 2011 ஜூன் 30 வரை தஞ்சோங் பகாருக்கும் மலேசியாவுக்கும் இந்த வழியாகத்தானே வண்டி ஓடியது? ஒற்றைத் தண்டவாளம். ஒரு வண்டிக்கு மற்றொன்று வழிவிட வேண்டிய இடத்தில் மட்டும் ஒன்று இரண்டாகப் பிரியும். கொஞ்சத் தூரம் போய் மறுபடி ஒன்றாகச் சேரும். பிரிகிற இடத்தில் ஒரு மாற்றுக்கட்டை, சேர்கிற இடத்தில் ஒரு மாற்றுக்கட்டை.

நம் மாடிப்படியும் அதே கதைதான். கரண்டு கொண்டுவரும் லைன் வயர், கீழ்ச் சுவிட்சின் பொது முனைக்கு வருகிறது. அங்கிருந்து இரண்டு வயர், இரண்டு தண்டவாளம்போல, மேல்மாடிக்குப் போகிறது. கீழே உள்ள எல் 1 மேலே உள்ள எல் 1-க்கு, எல் 2 எல் 2-க்கு. மேல்சுவிட்சின் பொது முனையிலிருந்து ஒரு வயர் விளக்குக்கு. விளக்கின் மறுகாலிலிருந்து நியூட்ரல் வயர் வழியாகக் கரண்டு திரும்புகிறது. இரண்டு மாற்றுக்கட்டையும் ஒரே தண்டவாளத்தைக் காட்டினால் வண்டி போய்ச் சேரும், விளக்கு எரியும். கீழ்க்கட்டை இடப்பக்கத்தையும் மேல்கட்டை வலப்பக்கத்தையும் காட்டினால் வண்டி நடுவழியில் நிற்கும், விளக்கு அணையும். இந்த நிலையில் எந்த ஒன்றைத் தட்டினாலும் நிலைமை மாறிவிடும், அது மேலா கீழா என்பது பொருட்டில்லை.

மாணவர்களே, இதை வீட்டில் செய்து பார்க்கலாம். சுவர்க் கரண்டில் அல்ல. டார்ச் பாட்டரி இரண்டு, சேர்ந்து 3 வோல்ட்டு, கையில் பிடித்தாலும் ஒன்றும் செய்யாது. தடித்த அட்டையில் இரும்பு அழுத்தாணி ஒன்றைக் குத்தி, அதில் ஒரு காகிதக் கிளிப்பை மாட்டுங்கள். அந்த ஆணிதான் பொது முனை. கிளிப்பு சுழலும்போது தொடுகிற மாதிரி இன்னும் இரண்டு ஆணி குத்துங்கள், அவை எல் 1, எல் 2. இப்படி இரண்டு அட்டை. ஆணியோடு ஆணியாக வயரைச் சேர்த்தால் முடிந்தது. வண்ணப் பிளாஸ்டிக் பூசிய கிளிப்பை வாங்கிக்கொண்டு "மாமா, எரியவில்லை" என்று என்னிடம் வராதீர்கள். பூச்சு கரண்டை விடாது.

நீண்ட நடைபாதை, மூன்று வாசல், மூன்று இடத்தில் சுவிட்சு வேண்டும் என்றால்? இரண்டு முனையிலும் அதே இருவழிச் சுவிட்சு. நடுவில் நாலு திருகாணி உள்ள இடைச்சுவிட்சு ஒன்று. அது என்ன செய்யும் என்றால், வருகிற இரண்டு தண்டவாளத்தையும் நேராக விடும், தட்டினால் குறுக்காக மாற்றி விடும். இடம் வண்டி வலத்துக்கு, வலம் வண்டி இடத்துக்கு. இத்தகைய இடைச்சுவிட்டை எத்தனை வேண்டுமானாலும் நடுவில் கோத்துக்கொண்டே போகலாம். இருவழி எப்போதும் இரண்டு முனையில் மட்டும். பத்து இடத்துக்கு வேண்டுமென்றால் இருவழி இரண்டு, இடை எட்டு.

கணக்கில் பரிசு வாங்கிய பிள்ளைக்கு ஒரு செய்தி. சுவிட்சின் ஒரு நிலைக்கு 0 என்றும் மற்றதற்கு 1 என்றும் பெயர் வைத்து, இரண்டும் வேறுபட்டால் விளக்கு எரிவதாக வயரைக் கோத்துவிடுங்கள். இரண்டும் 0 என்றால் விளக்கு 0. ஒன்று மட்டும் 1 என்றால் விளக்கு 1. இரண்டும் 1 என்றால் விளக்கு மறுபடி 0. இது இரண்டின் அடிப்படையில் செய்கிற கூட்டல் கணக்கில், கையில் மீதி வைத்துக்கொண்டு எழுதுகிற கடைசி இலக்கம்! சுவிட்சுகளால் கணக்குப் போடலாம் என்பதை 1937-ல் கிளாட் ஷானன் என்ற 21 வயது மாணவர் அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்லூரியில் ஓர் ஆய்வுரையாக எழுதிக் கொடுத்தார். இன்றைய கணினிகளுக்கு அது ஒரு அஸ்திவாரம். உங்கள் கைப்பேசிக்குள்ளே கோடிக்கணக்கில் இந்த மாடிப்படிச் சுவிட்சின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இனி நான் சொல்லத் தயங்குகிற பகுதிக்கு வருகிறேன். மேடையில் இதைச் சொல்லும்போது தொண்டை கட்டிக்கொண்டது. எழுத்தில் சொல்வது கொஞ்சம் சுலபம்.

1971. எனக்கு வயது 18. வயரிங் எடுத்துச் செய்யும் ஒருவரிடம் எடுபிடியாகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சிராங்கூன் சாலையின் ஒரு கிளைத் தெருவில் பழைய கடைவீடு. கீழே மளிகைக்கடை, மேலே தனியாட்கள் தங்கும் இடம். வரிசையாகக் கட்டில், ஒரு கட்டிலுக்கு இவ்வளவு என்று வாடகை. பெரும்பாலும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள். உங்களில் கடைவீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐந்தடிப் பாதையிலிருந்து உள்ளே நுழைந்தால் செங்குத்தான மரப்படி, பட்டப்பகலிலும் இருட்டு. அந்தப் படிக்கு விளக்குப் போட்டு, மேலும் கீழும் சுவிட்சு வைக்க வேண்டும் என்பது வேலை.

முறைப்படி செய்தால், இரண்டு தண்டவாள வயரும் ஒரு நியூட்ரலும் ஆக மூன்று வயர் கீழிருந்து மேலே போக வேண்டும். எங்கள் முதலாளி ஒரு குறுக்கு வழி காட்டினார். "கீழேயும் லைனு, நியூட்ரல் ரெண்டும் இருக்கு. மேலேயும் ரெண்டும் இருக்கு. எதுக்குடா மூணு வயரு? ஒரு வயரு போதும்." எப்படி? கீழ்ச் சுவிட்சின் எல் 1-ல் லைன், எல் 2-ல் நியூட்ரல். மேல்சுவிட்சிலும் அப்படியே. இரண்டு பொது முனையிலிருந்தும் ஒவ்வொரு வயர் விளக்கின் இரண்டு காலுக்கு. ஒரு சுவிட்சு லைனையும் மற்றது நியூட்ரலையும் பிடித்தால் விளக்கு எரியும். இரண்டும் லைனைப் பிடித்தால் எரியாது. இரண்டும் நியூட்ரலைப் பிடித்தாலும் எரியாது. மேலே தட்டினாலும் கீழே தட்டினாலும் வேலை செய்தது. வயர் மிச்சம், நேரம் மிச்சம். நான்தான் முடுக்கினேன். எனக்கு ஒரே பெருமை.

இப்போது மேலே உள்ள வரிகளை மறுபடி படியுங்கள். இரண்டும் லைனைப் பிடித்தால் எரியாது. விளக்கு அணைந்திருக்கிறது, ஆனால் அதன் இரண்டு காலிலும் 230 வோல்ட்டு நிற்கிறது.

அடுத்த ஜனவரி, பொங்கலுக்கு முதல் நாள். மேலே தங்கியிருந்த பெரியவர் ஒருவர் படிக்கட்டைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் வேலை அல்ல அது. பண்டிகை நாளில் வீடு அழுக்காக இருக்கக் கூடாது என்று நினைக்கிற மனிதர். பல்பில் புகையும் தூசியும் படிந்திருந்தது. பல்பு நல்ல பல்பு, அதற்குச் சற்று முன்புவரை எரிந்தது. அவர் சுவிட்சை அணைத்தார். விளக்கு அணைந்ததைக் கண்ணால் பார்த்தார். ஸ்டூல்மேல் ஏறிப் பல்பைக் கழற்றித் துடைத்து வைத்துவிட்டு, ஈரத் துணியால் ஹோல்டரையும் துடைத்தார். அந்தக் காலத்து ஹோல்டரில், பல்பின் அடியில் வந்து முட்டுகிற மாதிரி சுருள்கம்பி வைத்த இரண்டு முனை வெளியே தெரியும். இரண்டிலும் கரண்டு.

ஸ்டூலிலிருந்து படியில் விழுந்தார். உயிர் பிழைத்தார். இடுப்பெலும்பு முறிந்து, அதற்குப் பிறகு கைத்தடி இல்லாமல் அவர் நடக்கவில்லை. மூட்டை தூக்கிய மனிதர்!

முதலாளி சொன்னார்: "ஈரக் கையோட தொட்டிருப்பாரு, கிழவனுக்கு அறிவில்ல." எல்லாரும் அதையே சொன்னார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்: "தம்பி, வெளக்கு அணைஞ்சுதான் இருந்துச்சு. நான் பாத்துட்டுத்தான் தொட்டேன்." என்னவோ தான் பொய் சொல்கிறான் என்று உலகம் நினைத்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. அவர் சொன்னது உண்மை என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கைக்காசில் வயர் வாங்கிக்கொண்டு அந்தக் கடைவீட்டுக்குப் போனேன். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, போட்டதையெல்லாம் பிடுங்கி, மூன்று வயராக ஒழுங்காகப் போட்டேன். மறுநாள் பெரியவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சுவிட்சுக்குள் நான் என்ன செய்தேன், ஏன் அப்படிச் செய்தேன், எல்லாம். அவர் ரொம்ப நேரம் உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இப்ப சரியா இருக்கா?" என்று மட்டும் கேட்டார். "இருக்குங்க" என்றேன். வேறொன்றும் அவர் கேட்கவில்லை.

அந்தக் குறுக்கு வழி எங்கள் முதலாளியின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல என்று பிற்பாடு படிக்கும்போது தெரிந்தது. அமெரிக்காவில் அதற்குக் கார்ட்டர் முறை என்று ஒரு பெயரே உண்டு. 1923-லேயே அங்கே மின்கம்பி விதிகளில் அதைத் தடுத்துவிட்டார்கள். ஒற்றைச் சுவிட்சு லைன் வயரைத்தான் வெட்ட வேண்டும், நியூட்ரலைத் தொடக் கூடாது என்பது நம் சிங்கப்பூர் விதியும்கூட. எஸ்.எஸ். 638 என்ற தரநூலில் இப்போது அது இருக்கிறது. நான் சுவிட்சு மாட்டிய காலத்திலும் ஊர் அறிந்த விதிதான். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்படியானால் ஒழுங்காகப் போட்ட வயரிங்கில் பயமே இல்லையா? இருக்கிறது. சுவிட்சின் நாக்கு சும்மா நிற்காது என்றேனே, அதை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைச் சுவிட்சுக்கு மேலே என்றால் அணைந்தது, கீழே என்றால் எரிவது என்று ஒரு திசை உண்டு. இருவழிச் சுவிட்சுக்கு அந்தத் திசையே கிடையாது. இன்று கீழே தட்டினால் எரியும், யாராவது மேல்மாடியில் ஒரு தடவை தட்டிவிட்டால் நாளை கீழே தட்டினால் அணையும். பல்பு நல்லதாக இருந்தால் வெளிச்சத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பல்பு பியூஸ் போய்விட்டால்? எரியாத பல்பு, திசையில்லாத சுவிட்சு. ஹோல்டரில் கரண்டு நிற்கிறதா இல்லையா என்று சுவிட்சைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. நாலு நிலையில் இரண்டில் நிற்கும். காசு சுண்டிப் பார்க்கிற மாதிரி, பாதிக்குப் பாதி.

அதனால் தாய்மார்களே, படிக்கட்டு விளக்கின் பல்பை மாற்றும்போது சுவிட்சை நம்பாதீர்கள். நேரே மீட்டர் பக்கத்துப் பெட்டிக்குப் போய், விளக்குகளுக்கான கட்டையைக் கீழே இறக்கிவிட்டு வந்து ஏறுங்கள். எந்தக் கட்டை என்று தெரியாவிட்டால் மெயினையே இறக்குங்கள். ஐஸ் பெட்டி ஐந்து நிமிடம் நின்றால் மீன் கெட்டுப் போகாது.

அதே பெட்டியில் ஒரு சின்னப் பித்தான் இருக்கும், சோதனைப் பித்தான். ஆர்.சி.சி.பி. என்ற காவற்காரனுடையது அது. லைனில் போன கரண்டு முழுதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பான். 30 மில்லியாம்பியர் அளவு குறைந்தாலும், வழியில் யார் உடம்பு வழியாகவோ தரைக்குப் போகிறது என்று எண்ணிக் கரண்டை வெட்டிவிடுவான். 1985 ஜூலை முதல் நம் நாட்டில் புது வீடுகளுக்கு இது கட்டாயம். அதற்கு முந்திய வீடுகளுக்கு 2023-ல் சட்டம் கொண்டுவந்து, 2025 ஜூலை 1-க்குள் பொருத்தச் சொன்னார்கள். பெரியவர் வீட்டில் அன்று இது இருந்திருந்தால் அந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். மாதம் ஒருமுறை அந்தப் பித்தானை அழுத்திப் பாருங்கள், கட்டை விழ வேண்டும். விழாவிட்டால் ஆள் கூப்பிடுங்கள். ஆனால் ஒரு கையில் லைனையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்துக்கொண்டு நிற்கிறவனை அவனாலும் காப்பாற்ற முடியாது. உடம்பையும் ஒரு பல்பு என்று நினைத்துவிடுவான்.

இரட்டைமாடி வீடுகளில் இன்னொரு கோளாறு உண்டு. எங்கள் தொழிலில் அதைக் 'கடன் வாங்கிய நியூட்ரல்' என்போம். படிக்கட்டு விளக்குக்கு லைன் கீழ்மாடிக் கட்டையிலிருந்து வரும். திரும்புவதற்கு நியூட்ரலை, பக்கத்தில் இருக்கிறதே என்று மேல்மாடியிலிருந்து கடன் வாங்கியிருப்பார்கள். விளக்கு நன்றாக எரியும். பிறகு ஒருநாள் மேல்மாடியில் வேலை செய்ய வருகிறவர் மேல்மாடிக் கட்டையை மட்டும் இறக்கிவிட்டு, செத்த வயர் என்று நினைத்து நியூட்ரலைப் பிரிப்பார். கீழ்மாடிக் கரண்டு விளக்கு வழியாக வந்து அவர் விரலில் இறங்கும். சில வீடுகளில் இந்த விளக்கைப் போட்டதும் காவற்காரன் விழுவான், கடனைக் கண்டுபிடித்துவிட்டான் என்று அர்த்தம். நீங்கள் பழி போடுவது என்னவோ மழைமேல்!

கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளக்கூடிய கோளாறும் இருக்கிறது. "மேல்சுவிட்சு ஒரு பக்கம் இருந்தால்தான் கீழ்ச்சுவிட்சு வேலை செய்கிறது" என்று சிலர் சொல்வார்கள். சுவிட்சு கெட்டுவிடவில்லை. மாற்றிய ஆள் பொது முனைக்குப் போக வேண்டிய வயரை எல் 1-லோ எல் 2-லோ மாட்டிவிட்டார். அவரையே கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்லலாம், காசு கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று, விளக்கை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மினுக் மினுக்கென்று மங்கலாக எரிவது. ஒரு வீட்டில் பாட்டி எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். காரணம் இதுதான். இரண்டு தண்டவாள வயரும் ஒரே குழாயில் ஒட்டி ஓடுகின்றன. ஒன்றில் கரண்டு நிற்கும்போது ஒரு துளி மற்றதில் தொற்றிக்கொள்கிறது. பழைய குண்டு பல்புக்கு அந்தத் துளி போதாது. எல்.இ.டி.க்குப் போதும். பெரும்பாலும் வேறு தயாரிப்புப் பல்பு மாற்றினால் நின்றுவிடும். நிற்காவிட்டால் எலக்ட்ரிஷியனிடம் காட்டுங்கள். எலுமிச்சம்பழத்தை ஊறுகாய் போடுங்கள்.

இவ்வளவு கேட்டுவிட்டு யாரும் இன்றிரவே சுவரைத் திறக்கக் கூடாது. சிங்கப்பூரில் வீட்டு வயரிங்கை உரிமம் பெற்றவர்தான் செய்யலாம். எரிசக்திச் சந்தை ஆணையம் அந்த உரிமத்தைத் தருகிறது. நிறத்தைப் பார்த்து ஊகிக்கவும் வேண்டாம். பழைய வீட்டில் கறுப்பு வயர் நியூட்ரல், நீலம் லைன்களில் ஒன்று. புதிய வீட்டில் நீலம் நியூட்ரல், கறுப்பு லைன்களில் ஒன்று! பாதி புதுப்பித்த வீட்டில் இரண்டும் கலந்து கிடக்கும். எனக்கே சோதிக்காமல் தொடத் துணிவு இல்லை. நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியது, வந்த ஆளிடம் என்ன கேட்பது என்பது. "இரண்டு சுவிட்சும் லைனைத்தான் வெட்டுதா? நியூட்ரல் அதே கட்டையிலிருந்து வருதா?" இந்த இரண்டு கேள்வியைத் தமிழிலோ மலாயிலோ கேளுங்கள். நல்ல வேலைக்காரன் சந்தோஷமாகப் பதில் சொல்வான். முகம் சுளிப்பவனை அனுப்பிவிடுங்கள்.

விடுதிகளில் தங்கியிருக்கும் தம்பிமார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கட்டில் பக்கத்தில் பிளக் இல்லை என்று பல்பு ஹோல்டரிலிருந்து வயர் இழுத்துக் கைப்பேசிக்குச் சார்ஜ் போடுவதைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். மேற்பார்வையாளரிடம் ஒரு பிளக் கேளுங்கள். கொடுக்கும்வரை கேளுங்கள்.

பலகையைப் பள்ளியிலேயே விட்டுச் செல்கிறேன். அறிவியல் அறையில் சன்னல் ஓரம் இருக்கும். முதுகுப் பக்கம் மூடி போடவில்லை, வயர் எப்படிப் போகிறது என்று விரலை வைத்துத் தடவிப் பார்க்கலாம். நடுவில் காலியாக விட்ட இடம் இடைச்சுவிட்டுக்கு. அதைக் கிளிப்பும் ஐஸ்கிரீம் குச்சியும் வைத்துச் செய்து மாட்டுகிற பிள்ளை எனக்கு ஒரு வரி எழுதிப் போடட்டும், நான் வந்து பார்க்கிறேன். பாட்டரி தீர்ந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள், வாங்குவதற்குக் காசு கொடுத்திருக்கிறேன்.